ஜாவா டெப்ரிகேட்டட் எச்சரிக்கை: மாத்தணுமா, அமுக்கணுமா?

செமிகோலன்: ஜாவா 8-ல இருந்து 21-க்கு வந்தாச்சு. கோடைச் சோதிக்கிற சோனார் டூலை ஓட்டினா டெப்ரிகேட்டட் ('இதை இனி பயன்படுத்தாதீங்க') எச்சரிக்கை கொட்டுது. முக்கால்வாசி அப்சர்வபிள் கிளாஸ் (மாற்றம் வந்தா மத்த ஆப்ஜெக்ட்டுக்குச் சொல்றது), அங்கங்க நியூ இன்டிஜர், கொஞ்சம் ஃபைனலைஸ் (ஆப்ஜெக்ட்டை அழிக்கிறதுக்கு முன்ன ஓடுற மெத்தட்). எல்லாத்துக்கும் சப்ரஸ்வார்னிங்ஸ் (எச்சரிக்கையை அமுக்குற குறிப்பு) போட்டு ரிப்போர்ட்டைப் பச்சையாக்கச் சொல்றார் டீம் லீட். செய்யலாமா?

பழைய_ஜாவா: தாராளமா. டேட் கிளாஸோட வருஷம்-மாசம்-தேதி கன்ஸ்ட்ரக்டரை 1.1-லயே டெப்ரிகேட் பண்ணாங்க. இன்னிக்கும் கம்பைல் ஆகுது. ஓடுற கோடைக் கிண்டி எதுக்கு வம்பு?

நைட்பில்டு: நல்லா பார்த்து உதாரணம் எடுத்தீங்க சார்! த்ரெட் கிளாஸோட ஸ்டாப் மெத்தடும் அப்படித்தான் 1.2-ல இருந்து சும்மா கிடந்துச்சு. ஜாவா 20 வந்ததும், கூப்பிட்டா எக்ஸெப்ஷன் எறியுது. கம்பைல் ஆகுதுங்கறதை மட்டும் நம்பினா ரன்டைம்ல மாட்டுவீங்க.

செமிகோலன், முதல்ல பிரிங்க. ஜாவா 9-ல இருந்து 'நீக்கப்போறோம்'னு தனி முத்திரை இருக்கு. இன்டிஜர் கன்ஸ்ட்ரக்டர் (உங்க நியூ இன்டிஜர்), ஃபைனலைஸ் ரெண்டுக்கும் அது விழுந்தாச்சு, அப்சர்வபிளுக்கு இல்ல. சோனார்லயும் சும்மா டெப்ரிகேட்டட், நீக்கப்போறதுன்னு ரெண்டு வகைக்கும் தனித்தனி ரூல். உங்க லீட் சொல்ற சப்ரஸ்ல 'டெப்ரிகேஷன்'னு மட்டும் போட்டா நீக்கப்போற எச்சரிக்கையை கம்பைலர் அமுக்கவே அமுக்காது.

பழைய_ஜாவா: அப்போ அப்சர்வபிளை விட்டுடலாம்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதை, அதுக்குப் பதிலா போடுற ப்ராபர்ட்டி சேஞ்ச் சப்போர்ட் கிளாஸுக்கு மாத்திப் பாருங்க தெரியும். பழைய மதிப்பும் புது மதிப்பும் ஒண்ணா இருந்தா அது ஈவென்ட்டே அனுப்பாது. அப்சர்வபிள்ல செட்சேஞ்ச்டு கூப்பிட்டு நோட்டிஃபைஅப்சர்வர்ஸ் கூப்பிட்டா மதிப்பு மாறலைன்னாலும் தகவல் போகும். அதை நம்பி ரெஃப்ரெஷ் ஆகுற ஸ்க்ரீன் அப்படியே நின்னுடும். எந்த அனலைசரும் இதைச் சொல்லாது.

செமிகோலன்: ஐயோ, எங்க டாஷ்போர்டு அப்படித்தான் ஓடுது! நியூ இன்டிஜராவது கண்ணை மூடிட்டு இன்டிஜரோட வேல்யூஆஃப் மெத்தடா மாத்தலாமா?

நைட்பில்டு: மூடாதீங்க. ரெண்டு ஈக்வல் (==) போட்டு ஒப்பிட்ட இடங்களை முதல்ல தேடுங்க. நியூ போட்டா ஒவ்வொண்ணும் தனி ஆப்ஜெக்ட். வேல்யூஆஃப் -128 முதல் 127 வரை கேஷ்ல (முன்னாடியே எடுத்து வச்ச இடம்) இருந்து ஒரே ஆப்ஜெக்ட்டைத் தரும். டெஸ்ட்ல 5 பாஸாகி, புரொடக்‌ஷன்ல 500 ஃபெயிலாகும்.

பழைய_ஜாவா: பார்த்தீங்களா, திருத்தம்தான் பக் கொண்டுவருது.

நைட்பில்டு: பக் ஏற்கெனவே இருந்தது, இப்பத்தான் வெளிய தெரியுது. அப்சர்வபிளை அமுக்கிக்கோங்க, ஆனா கிளாஸ் கிளாஸா, பக்கத்துல காரணம் எழுதி. ரூலையே அணைச்சா புதுசா ஒருத்தர் அதையே எக்ஸ்டெண்ட் பண்ணுவார்.

பழைய_ஜாவா: காரணம் எழுதுறதுக்கு ஓகே. டாஷ்போர்டைத் தொடுறதா இருந்தா மட்டும் என் பேரைச் சொல்லாதீங்க.