அவசரம்: வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல். பணம் அனுப்பலாமா?

கூழ்_கணக்கர்: கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலை. தகர டப்பா தருபவர்கள் கணக்கை மாற்றிவிட்டார்களாம். மாலைக்குள் புதிய கணக்கில் பணம் போட வேண்டுமாம். முதலாளி நெருக்குகிறார். அனுப்பலாமா? உடனே சொல்லுங்கள்.

சிப்காட்வாசி: எந்த முகவரியிலிருந்து வந்தது? இணைப்பு எதையாவது திறந்தீர்களா? இதையெல்லாம் சொல்லாமல் என்ன பதில் சொல்வது?

பழையபேட்டையான்: வைரஸ்தான். கணினியை ஃபார்மட் செய்யுங்கள்.

சிப்காட்வாசி: வங்கிக் கணக்கு மாறியதற்கு ஃபார்மட்டா!

மூத்தவர்: இதே கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லியாயிற்று. தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. மின்னஞ்சல் அந்த முகவரிக்காரரிடமிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனைகள் இரண்டும் தேறியிருந்தால் நம்பலாம்.

கூழ்_கணக்கர்: முகவரி சரிதான். போன மாத பில் பற்றி நாங்கள் பேசிய கடிதங்கள் எல்லாம் கீழே அப்படியே இருக்கின்றன.

சிப்காட்வாசி: கண்ணை அருகில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மூத்தவர் ஐயா, போலி டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், வாங்குகிறவன் அதற்கு எஸ்பிஎஃப்பும் போட்டுக்கொள்வான். அது தேறுவதால் ஆள் நல்லவன் என்று ஆகிவிடாது.

மூத்தவர்: அடிப்படை தெரியாதவர்களுடன் வாதிட எனக்கு நேரமில்லை.

கூழ்_கணக்கர்: ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி 'எம்' போலவே நிற்கின்றன!

சிப்காட்வாசி: அனுப்பாதீர்கள். பழைய பில்லில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டு நேரடியாகப் பேசுங்கள். இந்த மின்னஞ்சலில் உள்ள எண் வேண்டாம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் உடனே சொல்லுங்கள். மின்னஞ்சலை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. பழைய கடிதங்கள் அவன் கையில் இருக்கின்றன என்றால் உங்கள் மின்னஞ்சல் பெட்டியோ அவர்கள் பெட்டியோ திருடனுக்குத் திறந்துகிடக்கிறது. கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. கடிதங்களைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் ஃபில்டர் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓசூர்_ஷிப்ட்: எங்கள் கம்பெனியில் தீபாவளி போனஸ் என்று பொய் மின்னஞ்சல் அனுப்பி ஊழியர்களைச் சோதித்தார்கள். ஏமாந்தவர்களுக்கு வகுப்பு வேறு. போனஸை வைத்தா விளையாடுவது?

பழையபேட்டையான்: திருடன் மட்டும் நல்ல நாள் பார்த்தா வருவான்? சோதித்தது சரிதான்.

ஓசூர்_ஷிப்ட்: உங்களுக்குப் போனஸ் வந்துவிட்டது போலிருக்கிறது. அதற்குப் பிறகு மனிதவளப் பிரிவின் உண்மையான கடிதத்தையே யாரும் திறப்பதில்லை.

மூத்தவர்: தலைப்பை விட்டு விலகாதீர்கள்.

கூழ்_கணக்கர்: பேசிவிட்டேன். கணக்கு மாறவே இல்லையாம். பழ லாரி வந்துவிட்டது, போகிறேன். நன்றி.

சிப்காட்வாசி: ஃபில்டரைப் பார்த்தீர்களா?

சிப்காட்வாசி: தம்பி, பார்த்தீர்களா இல்லையா?