முதல் மாரத்தான், அதுவும் மேடும் இறக்கமுமான பாதை: வேகத்தை எப்படிப் பிரிப்பது?

புதுத்தடம்:

இன்னும் 20 வாரத்தில் முதல் முழு மாரத்தான். பாதையில் மொத்த ஏற்றம் 620 மீட்டர், இறக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவே. முதல் 28 கி.மீ. முழுக்கச் சின்னச் சின்ன மேடுகள். 29லிருந்து 33 வரை விடாமல் ஏற்றம், சராசரி 6%. அது முடிந்ததும் 38 வரை 4% இறக்கம். மிச்சம் சமதளம். மொத்த அவகாசம் 6 மணி நேரம்.

அரை மாரத்தான் நேரம் 2:10 (2 மணி 10 நிமிடம்), அதுவும் சமதளத்தில். இப்போது வாரத்துக்கு 35 கி.மீ. ஓட்டம். பக்கத்தில் மேடு என்று சொல்ல ஒரு மேம்பாலம் மட்டும்தான்.

எந்த நேரத்தைக் குறி வைக்கலாம்? பெரிய ஏற்றத்தில் நடந்தால் எவ்வளவு இழப்பு? மேடே இல்லாமல் இதற்கு எப்படித் தயாராவது?

சமக்கோடு:

நேரக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

2:10 அரை மாரத்தானுக்கு வழக்கமான சூத்திரம் 4:31 என்று காட்டும். முழுத் தூரத்துக்குப் போதிய பயிற்சி இருப்பவருக்கான கணக்கு அது. முதல் முறைக்குச் சமதளத்திலேயே 4:40 என்று வையுங்கள், அதாவது கி.மீ.க்கு 6:40 (6 நிமிடம் 40 விநாடி).

அடுத்தது மேடு. 5% ஏற்றத்தில் ஒரு கி.மீ. ஓடச் சமதளத்தைவிட ஏறக்குறைய 30% கூடுதல் சக்தி செலவாகும். அதே 5% இறக்கத்தில் ஏட்டளவில் 24% மிச்சமாக வேண்டும். ஆனால் காலை ஊன்றி வேகத்தை அடக்குவதிலேயே பாதி போய்விடும், கைக்கு வருவது 12% அளவுதான். ஏறும்போது கொடுத்தது இறங்கும்போது முழுதாகத் திரும்பாது. உங்கள் பாதையில் ஏற்றத்தை எல்லாம் சேர்த்துச் சுமார் 12 கி.மீ. என்றால், ஏறுவதில் 24 நிமிடம் கூடும், இறங்குவதில் 9 அல்லது 10 நிமிடம் குறையும். நிகரமாக 15 நிமிடம். கடைசியில் கால் சோர்வதற்கு இன்னும் 5 நிமிடம் விட்டால் 5:00. முதல் குறி இதுதான். 5:15 ஆனாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

பிரித்துப் பார்த்தால் இப்படி வரும்: 28 கி.மீ.யை 3:15இல் தொட வேண்டும், சராசரி 6:58. சமதளத்தில் 6:40 ஓடுகிற அதே உழைப்பைச் சின்ன மேடுகளில் கொடுத்தால் 6:58 தானாக வரும். 29 முதல் 33 வரை கி.மீ.க்கு 9:15, மேலே சேரும்போது சுமார் 3:59. இறக்கத்தில் 6:20 வைத்தால் 38இல் 4:31. கடைசி 4.2 கி.மீ.க்கு அரை மணி.

6 மணி நேர அவகாசம் என்றால் சராசரி 8:32, அதனால் மொத்தத்தில் நெருக்கடி இல்லை. இடையிலும் கட் ஆஃப் (அந்த நேரத்துக்குள் வராதவரை நிறுத்திவிடும் இடம்) வைத்திருக்கிறார்களா என்று விதிமுறையில் பார்த்துவிடுங்கள். ஏற்றம் முடியும் இடத்தில் ஒன்று இருந்தால் அந்த 3:59ஐ அதோடு ஒப்பிட வேண்டும்.

நடப்பதைப் பற்றி: 6% சரிவில் மூன்று நிமிடம் 8:50இல் ஓட்டம், ஒரு நிமிடம் 11:00இல் வேக நடை என்று மாற்றி மாற்றிப் போனால் சராசரி 9:17 வரும். முழுக்க ஓடுபவரைவிட 4 கி.மீ.யில் நீங்கள் இழப்பது 2 நிமிடத்துக்கும் குறைவு. அந்த 2 நிமிடத்தைக் காப்பாற்ற மூச்சு முட்ட ஓடினால், மேலே போனபிறகு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு போகும். ஆனால் நடையை உங்கள் திட்டத்தோடு, முதல் மேட்டிலிருந்தே தொடங்குங்கள். முடியாமல் நின்றுபோய் நடப்பது வேறு கதை, அதற்குப்பின் மறுபடி ஓட்டம் பிடிப்பது கஷ்டம்.

இறங்குமுகம்:

மேலே சொன்ன கணக்கோடு சண்டையில்லை. ஆனால் எல்லாரும் 29-33 ஏற்றத்தைப் பார்த்தே பயப்படுகிறார்கள். இந்தப் பாதையில் ஆளைச் சாய்க்கப்போவது 33-38.

ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. மூச்சு வாங்கும், ஆனால் தசைக்குச் சேதம் குறைவு. இறங்கும்போது ஒவ்வொரு எட்டிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தசை நார்கள் நுண்ணிய அளவில் கிழிவது இந்த வேலையில்தான். இதயத்துடிப்பு குறைவாக இருப்பதால் ஓடுபவருக்குச் சுகமாகத் தோன்றும், வேகத்தைக் கூட்டுவார். விலை சமதளம் வந்ததும் தெரியும்: முட்டி மடங்க மறுக்கும், காலடி குறுகும், 7:15 என்று வைத்த கடைசி 4 கி.மீ. 9 ஆகும்.

பாஸ்டன் மாரத்தான் நல்ல உதாரணம். தொடக்கத்திலிருந்து முடிவுக்குள் பாதை கிட்டத்தட்ட 140 மீட்டர் கீழே இறங்குகிறது. 33ஆவது கி.மீ. பக்கம் வரும் ஹார்ட்பிரேக் ஹில் 27 மீட்டர் உயரம்தான், தனியாகப் பார்த்தால் சாதாரண மேடு. முந்தைய இறக்கங்களில் அடிவாங்கிய தொடையோடு வருவதால்தான் அதற்கு அவ்வளவு பெயர். உங்கள் பாதை ஏதென்ஸ் ஜாடை: அங்கே 10 கி.மீ. பக்கம் தொடங்கும் ஏற்றம் 31 வரை போய், பிறகு முடிவு வரை இறக்கம்.

நல்ல செய்தி, இதற்குத் தசை சீக்கிரம் பழகும். ஒருமுறை இறக்கத்தில் ஓடி வலி வந்து ஆறினால், அதே வேலை அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவு சேதம் செய்யாது. மேம்பாலம் போதும். வாரம் ஒருநாள், நன்றாக உடல் சூடானபின், மேலிருந்து 200-300 மீட்டர் சற்று விரைவாக இறங்குங்கள், நடந்தே மேலே திரும்புங்கள். முதலில் 4 முறை. இரண்டு வாரம் கழித்து 6, பிறகு 10 வரை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிக்கும், ஆகவே லாங் ரன்னுக்கு (வாரத்தின் நீண்ட ஓட்டத்துக்கு) முந்தைய இரண்டு நாளில் இதை வைக்காதீர்கள். கடைசி முறை போட்டிக்கு இரண்டரை, மூன்று வாரம் முன்பு. அதைவிட நெருங்கினால் வலி ஆறாமலே தொடக்கக் கோட்டில் நிற்பீர்கள், ரொம்ப முன்னால் நிறுத்தினால் பழகியது குறையும்.

இறங்கும் விதம்: பின்னால் சாயக்கூடாது. சாய்ந்தால் கால் உடலுக்கு முன்னால் போய்க் குதிகாலில் ஊன்றும், ஒவ்வொரு எட்டும் பிரேக் ஆகும். எட்டைக் குறுக்கி, அடிக்கடி வைத்து, இடுப்புக்குக் கீழேயே பாதம் படும்படி, முட்டியைக் கொஞ்சம் மடக்கியபடி ஓடுங்கள். கை அகன்று சமநிலை பிடித்தால் தப்பில்லை. பாதம் தரையில் 'தட் தட்' என்று சத்தம் போட்டால் வேகம் அதிகம்.

கெண்டைக்கால்:

இறக்கப் பயிற்சி சரி, ஆனால் இப்போதுள்ள 35 கி.மீ. அடித்தளத்தில் முதல் வாரத்திலேயே அதைச் சேர்க்க வேண்டாம். முதல் 6 வாரம் தூரம் ஏறட்டும், கூடவே வீட்டில் வலுப் பயிற்சி.

வாரம் இருமுறை போதும். 20 செ.மீ. உயரப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று விநாடி எடுத்து இறங்குங்கள். காலுக்கு 8 வீதம் 3 சுற்று, போகப்போக 12, அப்புறம் கையில் எடை. முட்டி உள்பக்கம் விழக்கூடாது, கண்ணாடி முன் செய்தால் தெரியும். கெண்டைக்காலுக்கு குதிகால் தூக்கல்: முட்டியை நீட்டி 15, மடக்கி 15, மூன்று சுற்று. மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏற்றத்தில் அதிகம் உழைக்கிற அடிக்கெண்டைத் தசைக்கு அதுதான் பயிற்சி. போட்டிக்கு 10 நாள் இருக்கும்போது கனமான வேலையை நிறுத்திவிடலாம்.

ஏற்றத்துக்கு ட்ரெட்மில் கிடைத்தால் அருமை. 5-6% சாய்வில் 90 விநாடி கடுமையாக, இரண்டு நிமிடம் நடை. 4இல் ஆரம்பித்து 8 வரை. 12ஆவது வாரத்துக்குமேல் இன்னொன்று: வெளியே 20, 22 கி.மீ. ஓடிவிட்டு நேராக ட்ரெட்மில்லில் ஏறி 6% சாய்வில் 25 நிமிடம். போட்டியில் வரப்போகிற நிலை அதுதான், களைத்த காலோடு ஏறுவது. இப்படி இரண்டு முறை செய்தாலே போதும். ட்ரெட்மில் இல்லாதவர்கள் லாங் ரன்னின் கடைசிப் பகுதியை மேம்பாலத்தில் முடிக்கலாம், பத்துப் பன்னிரண்டு தடவை ஏறி இறங்கி. சலிப்புதான், வேறு வழியில்லை.

லாங் ரன் 30-32 கி.மீ., அல்லது மூன்றரை மணி, எது முதலில் வருகிறதோ அத்தோடு நிறுத்தம். வாரத் தூரம் 55 தொட்டால் போதும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் கால்பங்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. காலையில் எழுந்ததும் குதிகாலுக்குமேல் தசைநாண் விறைப்பாக இருந்து, நடக்க நடக்கச் சரியானால், ஏற்றப் பயிற்சி அதிகமாகிவிட்டது. முட்டியின் வெளிப்பக்கம் இறங்கும்போது மட்டும் குத்தினால், இறக்கம் அதிகமாகிவிட்டது. எது என்று பார்த்து அதை மட்டும் ஒரு வாரம் விடுங்கள். ஈஸி ரன் (மெதுவான ஓட்டம்) தொடரலாம், வலி கூடாதவரை.

புதுத்தடம்:

ரொம்ப நன்றி. மூன்று சந்தேகம். மேட்டில் வாட்ச் காட்டும் வேகம் தாறுமாறாகக் குதிக்கிறது, எதைப் பார்த்து ஓடுவது? ஜெல் (ஓடும்போது விழுங்கும் சர்க்கரைக் கூழ்) எங்கெங்கே எடுப்பது? இறக்கத்தில் கால் கட்டைவிரல் ஷூவில் இடிக்கிறது, ஒரு அளவு பெரிதாக வாங்கலாமா?

சமக்கோடு:

மேட்டில் வாட்சைப் பார்க்காதீர்கள். நொடிக்கு நொடி காட்டும் வேகம் எப்போதும் பின்தங்கியே வரும். இதயத்துடிப்பும் அரை நிமிடம், ஒரு நிமிடம் தாமதமாகத்தான் ஏறும். துடிப்பு ஏறிவிட்டதென்று தெரியும்போது சின்ன மேடு முடிந்திருக்கும். மூச்சுதான் உடனடி அளவுகோல். முதல் 28 கி.மீ. மேடுகளில் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பெரிய ஏற்றத்தில் நாலைந்து சொல். அதற்கும் கீழே போனால் நடை.

வாட்சை 28, 33, 38 என்ற மூன்று இடத்தில் மட்டும் பாருங்கள். 28ஐ 3:08க்கு முன் தொட்டிருந்தால் வேகமாக வந்துவிட்டீர்கள். ஏற்றத்தின் முதல் கி.மீ.யிலேயே நடையைக் கூட்டிச் சரிக்கட்டலாம்.

தண்ணீர்ப்பந்தல்:

ஜெல்லுக்கு வருகிறேன். மணிக்கு 50-60 கிராம் மாவுச்சத்து இலக்கு. ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20-30 கிராம், ஆக அரை மணிக்கு ஒன்று. ஐந்து மணிக்கு அது 10 ஆகிவிடும், இடுப்புப் பட்டையில் அத்தனையும் சுமக்க முடியாவிட்டால் நடுவே விளையாட்டுப் பானத்தால் ஈடுகட்டலாம். அரை லிட்டரில் பெரும்பாலும் 30 கிராம் பக்கம் இருக்கும். ஆனால் ஜெல்லையும் பானத்தையும் ஒன்றாக விடாதீர்கள், சர்க்கரை அடர்த்தி கூடி வயிறு கலங்கும். ஜெல்லுக்கு வெறும் தண்ணீர்.

கடிகாரப்படி மட்டும் போகாமல் பாதையையும் பாருங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது விழுங்க முடியாது, இறக்கத்தில் வயிறு குலுங்கும். ஆகவே 28இல் ஒன்று. ஏற்றத்தின் நடுவில் நடை நிமிடம் ஒன்றில் இன்னொன்று. 33இல் உச்சியில் ஒன்று எடுத்து, தண்ணீர் குடித்து, ஒரு நிமிடம் நடந்துவிட்டு இறங்கத் தொடங்குங்கள். அதோடு நிறுத்தாமல் 38இல் சமதளம் வந்ததும் கடைசி ஒன்று.

தண்ணீர் மணிக்கு 400-700 மி.லி., தாகத்தை ஒட்டி. ஐந்து மணி நேரம் ஓடுபவர்களுக்கு நீர் குறைவதைப் போலவே அளவுக்குமேல் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் சரியும். விரல் வீங்கி, குமட்டலும் தலைவலியும் சேர்ந்து வந்தால் குடிப்பதை நிறுத்தி மருத்துவக் குழுவிடம் போங்கள்.

ஷூ: அளவைக் கூட்டுமுன் கட்டும் விதத்தை மாற்றிப் பாருங்கள். கணுக்காலுக்குப் பக்கத்தில் பொதுவாகக் காலியாக விடுகிற கடைசித் துளை இருக்கிறதே, அதில் கயிற்றை அதே பக்கம் நுழைத்துச் சின்ன வளையம் செய்து, எதிர்ப்பக்கக் கயிறை அந்த வளையத்துக்குள் விட்டு இறுக்கினால் குதிகால் நகராது, பாதம் முன்னால் சரியாது. அப்படியும் இடித்தால் அரை அளவு பெரிது. நின்றபடி பார்க்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் வேண்டும், மாலையில் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும்போது போட்டுப் பாருங்கள். நகத்தை மூன்று நாள் முன்பு நேராக வெட்டுங்கள், முந்தைய இரவு வேண்டாம்.

இறங்குமுகம்:

ஒரு சின்னத் திருத்தம். இறக்கத்தின் முதல் கி.மீ.க்கு 6:20 வேண்டாம், 6:40 வையுங்கள். அவ்வளவு நேரம் ஏறிய கெண்டைக்கால் திடீரென்று வேலை மாறினால் பிடித்துக்கொள்ளும். முதல் 300 மீட்டர் தளர்வாக, குறுகிய எட்டாக. 35 தாண்டியும் தொடை சொன்னபடி கேட்டால் அப்போது விடலாம். சாலை ஓரம் சாய்வாக இருந்தால் நடுவுக்கு வாருங்கள், போட்டி நடத்துபவர்கள் அனுமதித்த பகுதிக்குள்.