பேட்டைப் பக்கம் அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

அல்சூர்வாசி:
அடுத்த வாரம் திருநெல்வேலியில் இருந்து அப்பாவும் அம்மாவும் பெங்களூர் வருகிறார்கள். லால்பாக், கப்பன் பார்க் எல்லாம் போன தடவையே ஆச்சு. இந்த முறை பழைய நகரப் பகுதியான பேட்டையைக் காட்டலாம் என்று இருக்கிறேன். அப்பாவுக்குக் கோட்டை, கல்வெட்டு என்றால் உயிர். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் சிக்பேட்டில் பட்டுப்புடவை பார்க்காமல் திரும்ப மாட்டார். ஒரு காலைப் பொழுதில் எதெல்லாம் முடியும்? கார் எடுக்கலாமா?

பலேபேட்காரன்:
கார் எடுத்தால் நிறுத்த இடம் தேடியே காலை முடிந்துவிடும். மெட்ரோவில் வந்து மெஜஸ்டிக்கில் பச்சை வழிக்கு மாறி கே.ஆர். மார்க்கெட்டில் இறங்குங்கள், கோட்டையும் திப்பு அரண்மனையும் அங்கேயே. 1537-ல் பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடர் மண்ணில் எழுப்பிய கோட்டையை 1761-ல் ஹைதர் அலி கல்லில் கட்டினார், இன்று மிச்சம் டெல்லி வாசல் பக்கம் கொஞ்சம்தான், அதனால் அப்பாவிடம் செஞ்சிக் கோட்டை ரேஞ்சுக்குச் சொல்லி வைக்காதீர்கள். அரண்மனை பிரமாதம். 1791-ல் முடிந்தது, தேக்குத் தூண்களும் வளைவுகளும். ஒட்டினாற்போலவே கோட்டை வெங்கடரமணர் கோவில், அது அரண்மனையை விட நூறு வருஷம் மூத்தது, மைசூர் அரசர் சிக்கதேவராஜ உடையார் காலம்.

தர்மராயன்:
கோட்டைச் சுவர்ப் பக்கம் 1791 மார்ச் 21-ல் ஆங்கிலேயப் படை உடைத்து நுழைந்த இடத்தைச் சொல்லும் கல் ஒன்று உண்டு, அப்பாவுக்கு அதைக் காட்டுங்கள். என்னைக் கேட்டால் அரண்மனையை விட தர்மராயர் கோவில்தான் முக்கியம். திகளர் சமூகத்தின் கோவில், திரௌபதி வழிபாடு, நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோவில் பழக்கம் உள்ளவர்களுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் பெங்களூர் கரக ஊர்வலம் கிளம்புவது இங்கிருந்துதான், போகிற வழியில் மஸ்தான் தர்காவுக்கும் போகும். மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள்.

மல்லிப்பூ:
அம்மாவை மார்க்கெட்டின் பூ மண்டிக்குள் கூட்டிப் போகாதீர்கள், விடிகாலையில் பார்க்க அழகுதான், ஆனால் தரை முழுக்க ஈரமும் தண்டும், முழங்காலுக்கு ஆகாது. சிக்பேட்டுக்கு ஞாயிறு வேண்டாம், பாதிக் கடை மூடியிருக்கும். முதல் கடையிலேயே வாங்கிவிடாமல் உள் சந்துகளிலும் விலை கேளுங்கள்.

அல்சூர்வாசி:
நன்றி! அப்போ சனிக்கிழமை, முதலில் கோட்டை, அரண்மனை, அப்புறம் ஆட்டோ பிடித்து தர்மராயர் கோவில், கடைசியில் புடவை. அரண்மனையில் மாடிப்படி ஏறவேண்டியிருக்குமா?

பலேபேட்காரன்:
மாடிக்குச் செங்குத்தான படி. அம்மா கீழேயே தூண்களைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும்.