பில்லி ஹிக்கின்ஸ்: ஜாஸ் கேட்கிற அண்ணாச்சிமார் யாராவது இருக்கீங்களா?

பாளைக்காரன்:
பாளையங்கோட்டையில் ஞாயிறு ஆராதனைக்கு டிரம்ஸ் வாசிக்கிறவன் நான். ஓங்கி அடித்தால்தான் டிரம்ஸ் என்று நினைத்திருந்தேன். சாக்ஸபோன் வாசிக்கிற ஆர்னெட் கோல்மன் 1959ல் பதிவு செய்ததை இப்போதுதான் கேட்டேன், பியானோவே கிடையாது, பின்னால் டிரம்ஸில் பில்லி ஹிக்கின்ஸ் சிம்பலைத் தொட்டுத் தொட்டு எடுக்கிற மாதிரிதான் கேட்கிறது, ஆனால் மொத்தக் கூட்டத்தையும் அவர்தான் இழுத்துக்கொண்டு ஓடுகிறார். 2001லேயே காலமாகிவிட்டாராம். நல்ல வாத்தியார் என்றும் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

வண்ணாரப்பேட்டை:
தம்பி, சரியான ஆளைப் பிடித்தீர்கள். பிறந்தது 1936, லாஸ் ஏஞ்சல்ஸ். லீ மார்கன், டெக்ஸ்டர் கார்டன், ஹெர்பி ஹான்காக் என்று யார் கூப்பிட்டாலும் போய் வாசித்தவர், வாசிக்கும்போது முகத்தில் சிரிப்பு மாறாது. இவ்வளவு பெயர் வாங்கின மனுஷன் 1989ல் கமாவ் தாவூத் என்கிற கவிஞரோடு சேர்ந்து சொந்த ஊரிலேயே, லைமர்ட் பார்க்கில், வேர்ல்டு ஸ்டேஜ் என்று ஒரு சின்ன இடத்தைத் தொடங்கி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1996ல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. அதற்கப்புறமும் வந்து வாசித்தார்!
நீங்கள் ஒன்று செய்யுங்கள், குச்சியை நாலு விரல் உயரத்துக்கு மேல் தூக்காமல் ரைடு சிம்பலை, அதுதான் தாளம் விடாமல் தட்டுகிற அந்தப் பெரிய தட்டை, மட்டும் தினம் பத்து நிமிடம் வாசியுங்கள். கை கடுக்கும்.

சுடலை கொடை:
ஜாஸ் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். எங்களுடையது கணியான் கூத்துக் குடும்பம், கோயில் கொடை விழாக்களில் மகுடம் என்கிற பறையை அடித்துக் கதை பாடி ஆடுகிறவர்கள். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், ஒரு கொடையில் நடுச்சாமம், பெரியப்பா மகுடத்தைத் தீயில் வாட்டி, விரலால் சுண்டிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, தாழ்ந்த சத்தம் தருகிற மந்த மகுடத்தை என் கையில் கொடுத்து, "அடில, விட்டா நான் பிடிச்சிக்கிடுதேன்" என்றார். விட்டேன். அவர் உச்ச மகுடத்தில் அந்த இடத்தை நிரப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார், ஆடுகிறவருக்குக்கூடத் தெரியவில்லை. காலையில் கூலி பிரிக்கும்போது எனக்கும் பெரிய ஆள் பங்கு. ஊரில் எத்தனையோ பேர் வித்தை சொல்லித்தருவார்கள், பங்கு தருகிறவர்கள் குறைவு.

பாளைக்காரன்:
கொடை அண்ணாச்சி, இதை ரெண்டு தடவை படித்தேன். வண்ணாரப்பேட்டை அண்ணாச்சி சொன்ன மாதிரி இந்த ஞாயிறு மெதுவாக வாசித்தேன். பாட்டு முடிந்ததும் பாடகர் குழுத் தலைவர் கிட்டே வந்து, "ஏன் தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.