நம்ம குடும்பம் ரங்கூன்

செல்வி: அப்பாவுக்கு காலைல பிரஷர் 158/96 காட்டுச்சு பயந்துட்டேன், ஆனா கரண்ட் இல்லாம அஞ்சு மாடி ஏறி வந்த மூச்சோடயே பிரஷர் பாக்குற பட்டைய கைல கட்டிட்டாரு. அஞ்சு நிமிஷம் பேசாம சாஞ்சு உக்கார வச்சு கைய மேசை மேல நெஞ்சு உயரத்துக்கு வச்சு திரும்ப பாத்தேன், 144/90

முருகன் சித்தப்பா: அண்ணே நான் அனுப்புன வீடியோ பாருங்க, கபாலபாதி மூச்சுப் பயிற்சி தினம் பண்ணா மாத்திரையே வேணாமாம்

கவிதா: ஐயோ சித்தப்பா வேணாம். வேகமா ஊதுறது, மூச்ச அடக்கி வைக்கிறது எல்லாம் பிரஷர்காரங்களுக்கு ஆகாது. மாத்திரையும் டாக்டர் சொல்லாம நிறுத்தவே கூடாது, எங்கப்பா நல்லாயிட்டேன்னு நிறுத்துன அந்த ராத்திரி நாங்க பட்ட பாடு இன்னும் கண்ணுல நிக்குது

முருகன் சித்தப்பா: சரிம்மா அழிச்சிட்டேன்

பெரியப்பா: நடக்காம மெதுவா மூச்சு இழுத்து விட்டா மட்டும் போதுமா கவிதா, முட்டி வலிக்குது

கவிதா: ரெண்டும் சேந்தா தான் நல்லது பெரியப்பா. நடந்தா ரத்தக்குழாய் இளகும், முடிச்சப்புறமும் சில மணி நேரம் பிரஷர் இறங்கியே இருக்கும். வாரத்துக்கு 150 நிமிஷம், முட்டி வலிச்சா பத்து பத்து நிமிஷமா பிரிச்சுக்கோங்க, பேச முடியணும் பாட முடியக்கூடாது அதான் வேகம். சட்டுனு நிக்காம கொஞ்சம் மெதுவா நடந்துட்டு பெஞ்சுல உக்காந்து மூக்கால 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்க, நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும், ஒரு பத்து நிமிஷம். விடுற மூச்சு நீண்டா இதயத்துடிப்பு தணியும். 180/110க்கு மேல இருந்தா அன்னிக்கு நடக்கவே வேணாம், நெஞ்சு வலி வந்தா உடனே ஆஸ்பத்திரி

செல்வி: அந்த மீன் விழுது ஙப்பிய பத்தியும் சொல்லுடி, நான் சொன்னா கேக்க மாட்றாரு

கவிதா: ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள்ள பெரியப்பா, அதாவது ஒரு டீஸ்பூன். ஙப்பி, ஊறுகா, மீன் குழம்பு நூடுல்ஸ் மொகிங்கா எல்லாத்துலயும் இருக்க உப்பும் அந்த கணக்குல தான் வரும்

பெரியப்பா: சரிம்மா, மொகிங்கா இனிமே ஞாயித்துக்கிழம மட்டும். முருகா நாளைக்கு அஞ்சு மணிக்கு கண்டோஜி ஏரிக்கரை, வா

முருகன் சித்தப்பா: வரேண்ணே, இருட்டா இருக்கும் ஆறு மணிக்கு வச்சுக்கலாம். நீங்க கீழயே நில்லுங்க

செல்வி: கெளம்புறதுக்கு முன்னாடி உக்கார வச்சு பிரஷர் பாத்து நோட்டுல எழுதுறேன், அப்புறம் மாத்திரைய போட்டுட்டு கெளம்புங்கப்பா