பிஎல்பி பேட்டரி தேதி முடிந்துவிட்டது, டெஸ்டில் பச்சை எரிகிறது. போதுமா?

தூத்தூர்_பையன்:
அண்ணன்மாரே, அப்பா தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடல் தங்கலுக்குப் போகிறவர், போனால் முப்பது நாற்பது நாள். ஒக்கிப் புயலுக்கு அடுத்த வருஷம் துபாயில் இருந்த சித்தப்பா, சட்டையில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு பிஎல்பி (ஆபத்தில் ஆன் செய்தால் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் சின்னக் கருவி) வாங்கிக் கொடுத்தார். அதில் போட்டிருக்கிற பேட்டரி தேதி போன மாதத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் பச்சை எரிகிறது. பயத்தில் வாரம் இரண்டு தடவை அழுத்திப் பார்க்கிறேன். நாகர்கோவிலில் ஒரு கடையில், திறந்து அதே அளவு லித்தியம் செல் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். போடலாமா?

ரேடியோ_மெக்கானிக்:
தம்பி, முதலில் அந்தப் பட்டனை விடு. அது சார்ஜ் ஏறாத பேட்டரி, ஒவ்வொரு டெஸ்டும் அதிலிருந்துதான் கொஞ்சம் எடுக்கிறது. மாதம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். பச்சை விளக்குக்கு அர்த்தம் இந்த நிமிஷம் சர்க்யூட் வேலை செய்கிறது என்பது மட்டும்தான். கடலில் விழுந்தால் அது சுமார் 50 விநாடிக்கு ஒரு தடவை 406 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் பலத்தில் செயற்கைக்கோளுக்கு அனுப்ப வேண்டும், கூடவே தேடி வருகிறவர்களுக்காக 121.5-லும் சிக்னல் கொடுக்க வேண்டும், இப்படிக் குறைந்தது 24 மணி நேரம். அந்த 24 மணி நேரத்துக்குத்தான் மேலே தேதி போட்டிருக்கிறார்கள். மல்டிமீட்டர் வைத்தும் பிரயோஜனமில்லை, லித்தியம் செல் கடைசி வரை வோல்டேஜைப் பிடித்து நின்றுவிட்டு ஒரேயடியாக விழும்.

வள்ளவிளை_அண்ணன்:
மக்கா, கடையில் திறக்காதே. நான் ஒரு தடவை அப்படிச் செய்தேன். செல் நல்ல செல்தான், ஆனால் மூடியின் ரப்பர் வளையம் பழையது, சரியாக உட்காரவில்லை. ஒரே தங்கலில் உப்புத்தண்ணீர் இறங்கி உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு பிடித்துவிட்டது, கரைக்கு வந்து டெஸ்ட் போட்டபோதுதான் தெரிந்தது. அத்தனை நாளும் அதை நம்பிக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன், இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறும். கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்கே அனுப்பு, வளையம் மாற்றி, தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்து, புதுத் தேதி ஒட்டித் தருவார்கள். லித்தியம் என்பதால் கூரியரில் முன்கூட்டியே சொல்லிவிடு. நிஜமாகவே ஒரு தடவை ஆன் செய்துவிட்டால், தேதி பாக்கி இருந்தாலும் பேட்டரி மாற்றத்தான் வேண்டும்.

ரேடியோ_மெக்கானிக்:
துபாயில் வாங்கியது என்பதால் இன்னொன்று. அதன் குறியீட்டில் வேறு நாட்டின் எண் இருக்கலாம். சர்வீஸில் இந்திய எண் 419-க்கு மாற்ற முடியுமா என்று கேள், அப்புறம் இந்த ஆபத்து சிக்னல்களை வாங்கிக் கவனிக்கிற, பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் ஐஎன்எம்சிசி மையத்தில் பதிவு செய். அதில் வீட்டு ஃபோன் நம்பரைக் கொடு, கடலில் இருக்கிற அப்பா நம்பரை மட்டும் கொடுத்துவிடாதே. தெரியாமல் ஆன் ஆகிவிட்டால் அணைத்துவிட்டு உடனே கடலோரக் காவல்படையின் 1554-க்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடு.

தூத்தூர்_பையன்:
ரொம்ப நன்றி. ஆனால் அப்பா அடுத்த வாரம் கிளம்புகிறார், அதற்குள் திரும்பி வராதே?

வள்ளவிளை_அண்ணன்:
அப்படியானால் இந்தத் தடவை பழையதையே கொடுத்தனுப்பு, ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் தேதி முடிந்தது என்று அப்பாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிடு. படகில் டாட் கருவி (படகுக்கான ஆபத்து சிக்னல் கருவி) இருக்கிறதா, அதன் பேட்டரி எப்படி என்று முதலாளியிடம் இன்றைக்கே கேள். அப்பா வந்ததும் சர்வீஸுக்கு அனுப்பிவிடு. இனிமேல் ஜூன் 1-ல் நம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் தேதியைப் பார்த்துவிடு, ஜூலை 31 வரை நேரம் இருக்கும்.