பிள்ளைங்கள பாறை ஏறக் கூட்டிட்டுப் போனவங்க, உங்க அனுபவத்தச் சொல்லுங்க

ரவாங் அம்மா

கோலாலம்பூர் பக்கம் பத்துமலைல பாறை ஏறுறவங்க போற சுண்ணாம்புச் சுவர், டாமாய் சுவர், இங்க எல்லாருக்கும் தெரியும். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல. வீட்டுக்காரர் பெரியவளுக்குக் கயிறு போட்டுட்டு இருந்தாரு. அவளுக்கு 7 வயசு. நான் சின்னவனோட கீழ. பாய விரிச்சு நாசி லெமாக், மைலோ, கலர் பென்சில் எல்லாம் எடுத்து வச்சு, நம்ம வீட்டு வரவேற்பறை மாதிரி ஆக்கிட்டேன். சுவத்துலருந்து ஒரு ஏழெட்டு அடி தூரம்.

"மா, ஒரு சிலிப்பர காணோம்"ன்னு சின்னவன் எழுந்து போனான். பத்து அடி எடுத்து வச்சிருப்பான். 'விஷ்'னு ஒரு சத்தம். மைலோ குவளை சாஞ்சிச்சு. திரும்பிப் பாத்தா, அவன் கலர் அடிச்சிட்டு இருந்த புக்குல யானை வயித்துல ஒரு ஓட்டை. பக்கத்துல கோழி முட்டை அளவுக்கு ஒரு கல்லு.

அந்தப் பக்கம் மேல யாருமே ஏறல. அண்ணாந்து பாத்தேன், உச்சில செடி மட்டும் ஆடிட்டு இருந்துச்சு. குரங்காத்தான் இருக்கணும். பெரியவ தலைல ஹெல்மெட் இருந்துச்சு. சின்னவனுக்கு நாங்க வாங்கவே இல்ல, அவன்தான் ஏறலியே! இந்த நெனப்புதான் ராத்திரில வந்து என்னைத் தூங்க விடாம பண்ணுது. வேற யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

செந்தூல் பையன்

அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, பாய் விரிச்ச இடமே தப்பு. அந்தச் சுவர் பல இடத்துல வெளிய தொங்குற மாதிரி சாஞ்சிருக்கும். உச்சிலருந்து வர்ற கல்லு அடில விழாது, பத்தடி தள்ளித்தான் விழும். நீங்க நடுவுல உக்காந்துட்டீங்க. ஒண்ணு சுவத்த ஒட்டி உள்ள தள்ளி உக்காரணும், இல்லன்னா மரத்தப் பாத்து நல்லா தூரமாப் போயிடணும்.

எனக்கும் ஒரு தடவ ஆச்சு. எனக்கு இல்ல, தண்ணி போத்தலுக்கு. அத விடுங்க.

மூணு பிள்ளைக்காரன்

செந்தூல் தம்பி சொல்றது தொங்குற சுவத்துக்குத்தான் சரி. சாய்வா, படுத்த மாதிரி இருக்கிற பாறைல கல்லு உருண்டு, துள்ளி எங்க வேணும்னாலும் வரும். அங்க ஒட்டி உக்காந்தாலும் ஆபத்துதான். எல்லா இடத்துக்கும் ஒரே ரூல் சொல்லாதீங்க தம்பி.

என் கதை கல்லு இல்ல. நடு பொண்ணு, 6 வயசு, 17 கிலோ. நல்லா ஏறிட்டா, உச்சில கயிறு மாட்டுற சங்கிலி வரைக்கும் போயிட்டா. "சரிம்மா, பின்னால சாஞ்சு உக்காரு, அப்பா இறக்குறேன்"ன்னு கயித்த விட்டேன். இறங்கவே இல்ல. பழைய கயிறு, மழைல நனைஞ்சு தடிச்சுப் போனது. ஏறுற வழி, அதான் ரூட்டு, அதுவும் நேரா இல்லாம ரெண்டு இடத்துல வளைஞ்சு போகுது. கயிறு பாறைல உரசுற இழுவைக்கே அவ எடை பத்தல. நான் கீழருந்து கயித்தத் தள்ளித் தள்ளி விடுறேன், அவ மேல காத்தாடி மாதிரி தொங்குறா. முதல்ல சிரிச்சா. அப்புறம் "ப்பா, நான் இங்கயே இருக்கணுமா?"ன்னு கேட்டா பாருங்க. அழுகை இல்ல, நெஜமாவே சந்தேகமாக் கேக்குறா.

பக்கத்துல ஏறிட்டு இருந்த சீனப் பையன் ஒருத்தன் அடுத்த ரூட்ல போய் அவளப் பிடிச்சு, கூடவே இறங்குனான். அவனுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் குடுத்தோம், நாலு தின்னான்.

அதுலருந்து பிள்ளைங்களுக்கு நேர் கோடா, நாலு மாடி உயரத்துக்குள்ள இருக்கிற ரூட் மட்டும்தான். மெலிசான கயிறு.

பத்து பெரிங்கி மாமி

நாங்க பினாங்கு. இங்க உங்க மாதிரி சுண்ணாம்புச் சுவர் இல்ல, எல்லாம் கருங்கல்லு. கடலோரமா யானை யானையாக் கிடக்குதே, அதுல பேரப்பிள்ளைங்க ஏறும். கயிறு கிடையாது, ஆள் உயரம்தான், கீழ மணல். இதவிடப் பத்திரமான இடம் எதுன்னு நெனச்சேன்.

தெலுக் பகாங் பக்கம், ஸ்கூல் லீவு. பேரன் வெறுங்கால்ல ஏறுனான். பாறைல தண்ணி வந்து போற மட்டத்துல கறுப்பா ஒரு பட்டை இருக்கும் இல்ல? அதுக்கு மேல சொரசொரன்னு நல்லா பிடிக்கும். அந்தக் கறுப்புல காலு வச்சா எண்ணெய் தடவுன மாதிரி. வச்சான், வழுக்குனான். அடில முழுக்க சிப்பி ஒட்டிட்டு இருந்துச்சு. உள்ளங்கால் பிளேடு போட்ட மாதிரி மூணு கோடு. ரத்தம்கூட உடனே வரல, முதல்ல வெள்ளையாத்தான் தெரிஞ்சுச்சு. அந்த வெள்ளை இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

தூக்கிட்டு ஓடலாம்னு பாத்தா, வர்றப்ப மணலா இருந்த வழில இப்ப முட்டி வரைக்கும் தண்ணி. அலை நேரம் பாக்காம போனது என் தப்பு. இத்தன வருசமா கடலோரமா குடியிருந்தும்!

கிள்ளான் கேட்ஸ் ரசிகன்

எதுக்கு இவ்ளோ பயம்? நான் என் பையன 8 வயசுலயே கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டுப் பக்கம் இருக்கிற புக்கிட் தாபூர் மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். குவார்ட்ஸ் முகடு, அந்தப் பக்கம் அணைக்கட்டுத் தண்ணி, இந்தப் பக்கம் கோலாலம்பூர் கட்டடம். பிள்ளை வாழ்நாள் பூரா மறக்க மாட்டான்.

மூணு பிள்ளைக்காரன்

நீங்க போட்ட படத்தப் பாத்தேன். பையன் தலைல தொப்பி. கயிறு இல்ல. அந்த முகட்டுல பெரியவங்களே எத்தன பேர் விழுந்து செத்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? அனுமதி இல்லாம ஏறக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. அது பாறை ஏறுற இடமே இல்ல அண்ணே, நடக்கிற இடம்னு நெனச்சுப் போய் விழுற இடம்.

கிள்ளான் கேட்ஸ் ரசிகன்

உங்க பொண்ணு காத்தாடி மாதிரி தொங்குனப்ப என்ன பாதுகாப்பு இருந்துச்சாம்?

மூணு பிள்ளைக்காரன்

கயிறு இருந்துச்சு.

வாத்தியார் 62

அன்பர்களே, சண்டை வேண்டாம். என் அனுபவம் சிறியது. பத்துமலையில் நியாமுக் சுவருக்கு மாணவர்களை அழைத்துப் போனேன். 'நியாமுக்' என்றால் மலாயில் கொசு. பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். சுண்ணாம்புப் பாறை மழைநீரில் கரைவது. பார்க்கக் கோயில் தூண் மாதிரி உறுதியாக இருக்கும், உள்ளுக்குள் வெடிப்பு வெடிப்பாக இருக்கும். நான் ஈப்போவில் பிறந்தவன். 1973இல் குனோங் செரோவில் இதே மாதிரி ஒரு மலையின் பக்கம் பெயர்ந்து அடிவாரத்து வீடுகளின் மேல் விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். அதன் பிறகு என் அம்மா எந்த மலையடியிலும் எங்களை உட்காரவே விட மாட்டார். பத்துமலையில் 272 படி ஏறும்போதுகூட "ஓரமா நிக்காத" என்பார்.

ஆகையால், பெரிய மழைக்கு மறுநாள் போகாதீர்கள். வெயில் அடித்தாலும் சுவர் இரண்டு மூன்று நாள் உள்ளிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கும். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நம் பக்கம் மதியத்துக்கு மேல் இடி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் பையைக் கட்டிவிட வேண்டும். பிள்ளை பசியாறாமல் வரக் கூடாது. பசித்த பிள்ளை முடிச்சைப் பார்க்காது.

உடலைக் கயிற்றோடு இணைக்கும் வார்ப்பட்டைக்கு ஹார்னஸ் என்று பெயர். இடுப்பில் மட்டும் கட்டும் ஹார்னஸ் சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. அவர்களுக்கு இடுப்பு எலும்பு இன்னும் அகலமாகவில்லை, தலை கனம். தலைகீழாகப் புரண்டால் நழுவிவிடும். தோளையும் சேர்த்துக் கட்டும் முழு உடல் ஹார்னஸ் 40 கிலோ வரைக்கும் என்றே செய்து விற்கிறார்கள்.

இன்னொன்று. கல் விழுந்தால் "பாத்து! மேல!" என்று கத்தாதீர்கள். நாம் அப்படிக் கத்தினால் பிள்ளை முகத்தைத் தூக்கி மேலேதான் பார்க்கும். "கல்லு" என்று ஒரே சொல். அதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு சுவரோடு போய் ஒட்ட வேண்டும். வீட்டில் சுவரை வைத்தே விளையாட்டாகப் பழக்கலாம். என் மாணவர்கள் வகுப்பில் சாக்பீஸ் விழுந்தால்கூடச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள், தலைமை ஆசிரியரிடம் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கழிவறை எங்கே, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து எவ்வளவு நடை, கைப்பேசிக்கு லைன் கிடைக்கிறதா, அவசர எண் 999ஐ அழைத்தால் எந்த வழியாக வரச் சொல்வது, இவற்றையெல்லாம் முதலில் பெரியவர்கள் மட்டும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கயிறு மாட்டப் பாறையில் அடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்திருந்தாலோ, கையால் ஆட்டினால் ஆடினாலோ, அந்த ரூட்டை மறந்துவிடுங்கள்.

செந்தூல் பையன்

சார், அனுபவம் கேட்டாங்க. நீங்க சிலபஸ் போட்டுட்டீங்க 😅

ஆனா ஒண்ண விட்டுட்டீங்க. தேனீ. பாறைல கறுப்பா அரை வட்டமாத் தொங்குமே, மலைத்தேனீ. தூரத்துல பாத்தா நனைஞ்ச கறை மாதிரிதான் இருக்கும். நாங்க அதுக்குக் கீழயே அரை மணி நேரம் சிரிச்சுப் பேசிட்டு இருந்தோம். என் அக்கா மகதான், 5 வயசு, "மாமா, அந்தக் கறை மூச்சு விடுது"ன்னா. பாத்தேன். நெஜமாவே அலை அலையா அசையுது. ஒரு வார்த்த பேசல, கயித்த அப்படியே விட்டுட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு நடந்தேன். ஓடல, ஓடக் கூடாதுன்னு யாரோ சொன்ன ஞாபகம். கயித்த அடுத்த வாரம் போய் எடுத்தேன்.

பத்து பெரிங்கி மாமி

ரவாங் அம்மா, சின்னவன் எப்படி இருக்கான்? அத யாருமே கேக்கலியே.

ரவாங் அம்மா

நல்லா இருக்கான் மாமி. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. அந்தக் கல்ல அவனே பையில போட்டு எடுத்துட்டு வந்துட்டான், இப்ப யானை புக்கு பறக்காம இருக்க அதத்தான் மேல வச்சிருக்கான். தூக்கிப் போடச் சொன்னா அழறான்.

செந்தூல் தம்பி, நீங்க சொன்னப்ப கோபம் வந்துச்சு. மறுபடி போய் நின்னு பாத்தேன். பாய் விரிச்ச இடத்துல மட்டும் புல்லு இல்ல, சின்னச் சின்னக் கல்லா உடைஞ்சு கிடக்கு. சுவத்த ஒட்டி உள்ள ஒரு கல்லும் இல்ல, தூசிதான். அன்னைக்கே தரையப் பாத்திருக்கலாம்.

செலாயாங் பக்கம் நாலு வயசுத் தலைக்குச் சேர்ற ஹெல்மெட் எங்க கிடைக்கும்? ரெண்டு கடை ஏறி இறங்கிட்டேன், எல்லாம் அவன் கண்ண மூடுது.

மூணு பிள்ளைக்காரன்

என் கடைசிப் பையனோடது சும்மாதான் கிடக்கு, அவனுக்குச் சின்னதாயிடுச்சு. அடி படாதது, கீழ விழாதது. சனிக்கிழமை ஏழரைக்கு டாமாய்ல இருப்பேன், வந்து வாங்கிக்குங்க.